சாயத்தில் காரீயம்: பழைய வாடகை வீட்டுக்கு எந்த வழி சரி, யார் பொறுப்பு?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் சாயக் (பெயிண்ட்) கடைகளில் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். வாடகைக்கு இருப்பவர்களும் கைக்காசு போட்டு இரண்டு டின் வாங்கிவந்து, முன்கூடத்தையும் ஜன்னல்களையுமாவது புதுசாக்கிப் பார்ப்பார்கள். புதுச் சாயம் பிடிக்க வேண்டுமென்றால் பழையதைச் சுரண்டியாக வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போதே நடக்கும். அப்போது பறக்கும் தூளில் காரீயம் இருந்தால் என்ன ஆகும், அதைத் தடுப்பது யாருடைய பொறுப்பு, தடுக்க உள்ள வழிகளில் எது நம் ஊர் வீடுகளுக்குப் பொருந்தும் என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவரும் ஜன்னலும் வீட்டுக்காரரின் சொத்து. அவற்றைக் கழற்றவோ மாற்றவோ வாடகைக்கு இருப்பவருக்கு உரிமை கிடையாது. அவரால் முடிந்தது தூளைத் துடைப்பது, விஷயத்தைத் தெரியப்படுத்துவது, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது. தூள் எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்தைச் சரிசெய்வது வீட்டுக்காரர் வேலை, செலவும் அவருடையதுதான். கீழே உள்ள வழிகளையெல்லாம் இந்தக் கண்ணோட்டத்தில்தான் எடைபோடுகிறேன்.

எந்த வீடு, எந்தச் சாயம்

கார் பேட்டரியில் இருக்கும் அதே காரீயம்தான் பல பத்தாண்டுகளாகச் சாயத்திலும் கலக்கப்பட்டது. சாயம் சீக்கிரம் காயவும், வெயிலில் நிறம் மங்காமல் இருக்கவும், இரும்பில் துரு ஏறாமல் இருக்கவும் அது உதவியது. பழைய வெள்ளைச் சாயத்தில் காரீயக் கார்பனேட், மஞ்சளிலும் ஆரஞ்சிலும் காரீய குரோமேட், இரும்புக் கிரில்லுக்கு அடிக்கும் சிவப்பு அடிச்சாயத்தில் காரீய ஆக்சைடு. சிவப்பு அடிச்சாயம் எல்லாமே காரீயம் இல்லை. இரும்பு ஆக்சைடு கலந்ததும் அதே நிறத்தில்தான் இருக்கும், கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. சுவருக்கு அடிக்கும் தண்ணீர்ச் சாயத்தில் கவலை குறைவு. பளபளக்கும் எண்ணெய்ச் சாயத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். அது எங்கே அடிக்கப்படும்? ஜன்னல், கதவு, நிலை, வராந்தாக் கம்பி, படிக்கட்டுக் கைப்பிடி, கேட். பிள்ளையின் கை போகும் இடமெல்லாம் இதுதான்.

சுங்கை சிப்புட் போன்ற ஊரில் இந்த இடங்கள் நிறைய. ரப்பர்த் தோட்டங்கள் கைமாறி, செம்பனை வந்து, லயத்து வீடுகள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) காலியானபோது, அங்கிருந்து வந்த குடும்பங்களுக்கு டவுனில் கிடைத்தவை வாடகை குறைந்த பழைய வீடுகள்: கடைவீட்டு மாடி, பலகை வீடு, பழைய தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) இருக்கும் மலிவு வீடு. கூரை தகரம், ஜன்னல் மரம், ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு அடுக்கு சாயம். நாற்பது வருடம் அப்படி ஏறிய ஜன்னல் நிலையைக் கத்தியால் கீறிப் பார்த்தால் பச்சை, மஞ்சள், நீலம் என்று வரிசையாகத் தெரியும். இப்போது டின்னில் வருவது எவ்வளவு நல்ல சாயமாக இருந்தாலும், அடியில் இருக்கும் பழைய அடுக்குகள் அப்படியேதான் இருக்கின்றன.

காரீயத்தில் இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஒரே அளவு காரீயம் வயிற்றுக்குள் போனாலும், பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளின் உடல் நாலைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த பிள்ளைக்கு அது இன்னும் கூடும். உடல் அதைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துவைக்கிறது. பல வருடம் கழித்து அந்தப் பிள்ளையே தாயாகும்போது எலும்பிலிருந்து இரத்தத்துக்கு வந்து வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போகும். ஆரம்பத்தில் வெளியே எதுவும் தெரியாது. படிப்பில் கவனம் நிற்காமல் போவது, இரத்தசோகை, அடிக்கடி வயிற்றுவலி என்று தெரியவரும்போது மூளைக்கு நேர்ந்த பாதிப்பைத் திருப்ப வழி இருக்காது. அதனால்தான் நோய் வந்த பிறகு பார்க்கும் சிகிச்சையைவிட ஜன்னலைச் சரிசெய்வது முக்கியமாகிறது.

இதை உலகுக்கு முதலில் காட்டிக்கொடுத்ததும் வெயில் நாடு ஒன்றின் வராந்தாதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், ஜான் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் 1904இல், பிள்ளைகளுக்கு வந்த காரீய நஞ்சுக்குக் காரணம் வராந்தாக் கம்பிகளிலும் சுவர்களிலும் இருந்த சாயம் என்று எழுதினார். வெயிலில் வெந்து பொடியான சாயம் விரலில் ஒட்டி வாய்க்குப் போயிருக்கிறது. 1922இல் அங்கே பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடங்களில் காரீயச் சாயத்துக்குச் சட்டமே தடை போட்டது. நம் தோட்டத்து வீட்டு வராந்தாவையும் மேற்குப் பார்த்த ஜன்னலையும் நினைத்துப் பாருங்கள். வெயிலும் அதுதான், மரமும் அதுதான்.

வீட்டுக்காரர் பொறுப்பு: அங்கே எப்படி, இங்கே எப்படி

வாடகை வீட்டுச் சாயத்துக்கு வீட்டுக்காரரைப் பொறுப்பாக்கும் சட்டங்களை விரிவாக எழுதிவைத்த நாடு அமெரிக்கா. 1978இல் வீட்டுச் சாயத்தில் காரீயத்துக்கு அங்கே தடை வந்தது. 1992இல் வந்த சட்டத்தின்படி, 1978க்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விடுபவர் கையெழுத்துக்கு முன்பே மூன்றைச் செய்ய வேண்டும். காரீயச் சாயம் இருப்பது தெரிந்தால் சொல்ல வேண்டும். சோதனை அறிக்கை கையில் இருந்தால் கொடுக்க வேண்டும். அரசு வெளியிட்ட கையேட்டைத் தந்து, எச்சரிக்கை வாசகத்தை ஒப்பந்தத்தோடு சேர்க்க வேண்டும். இது 1996லிருந்து நடைமுறையில் இருக்கிறது. கவனிக்க வேண்டிய ஒன்று, இந்தச் சட்டம் சோதனை செய்யவோ சாயத்தை எடுக்கவோ வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்தவில்லை. தெரிந்ததை மறைக்கக் கூடாது என்பதோடு நிற்கிறது.

அதற்கு மேலே போனவை தனி மாநிலங்களும் நகரங்களும். மாசசூசெட்ஸில் 1978க்கு முந்திய வீட்டில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால், ஆபத்தான சாயத்தை எடுப்பதோ மூடுவதோ வீட்டுக்காரரின் கடமை. பிள்ளை இருக்கிறது என்பதற்காக வீடு தர மறுக்கவும் கூடாது. நியூயார்க் நகரத்தின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் 1960க்கு முன் கட்டிய கட்டடங்களில் சிறு பிள்ளை இருக்கும் வீடுகளை வருடா வருடம் பார்க்கச் சொல்கிறது. ஒரு குடும்பம் காலி செய்து அடுத்தது வருவதற்குள் கதவும் ஜன்னலும் உராயும் இடங்களில் உள்ள காரீயச் சாயத்தை எடுத்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. எனக்கு இந்த விதிதான் எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமாகப் படுகிறது. வீடு காலியாக இருக்கும்போது வேலை சுலபம், தூளைச் சுவாசிக்க ஆளும் இல்லை. வேலையும் சரியான இடத்தில் நடக்கிறது.

இங்கே நிலைமை வேறு. வாடகைக் குடியிருப்புக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு மலேசியாவில் பல ஆண்டுகளாக இருக்கிறது. நடைமுறையில் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம், 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் இவற்றை வைத்துத்தான் வீட்டுக்காரர் - வாடகைக்காரர் தகராறுகள் தீர்கின்றன. இதன் அர்த்தம், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பேசும். சாயத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லையென்றால் கேட்க இடம் குறைவு. நம் ஊரில் பாதி வீடுகளுக்குத் தாளே இல்லை, வாய்ப்பேச்சுதான் என்பது இன்னொரு சிக்கல். ஒன்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: சாயம் பற்றிக் கேட்டதற்காக ஒரு வீட்டுக்காரர் கோபப்பட்டுப் பூட்டை மாற்றினால் அது தப்பு. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் இடம் தரவில்லை.

தோட்டத்துக் குவார்ட்டர்ஸில் இன்னும் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் பலம் அதிகம். அவர்களுக்கு வீட்டுக்காரர் முதலாளியேதான். 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் வீட்டுக்குத் தண்ணீர், மின்சாரம் தருவதோடு கட்டடத்தை நல்ல நிலையில் பராமரிப்பதையும் முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. 2019இல் திருத்தப்பட்டு மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. அந்தச் சட்டத்தை வைத்துத்தான் உரிந்து விழும் சாயத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஆகவே லயத்தில் இருப்பவர் ஆபீசில் கிராணியிடம் (எழுத்தரிடம்) வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்காமல், எழுதிக் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். பலன் இல்லையென்றால் தொழிலாளர் துறைக்கு அதே நகலோடு போகலாம். ஆயாக் கொட்டகையின் ஜன்னலையும் அந்தக் கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள். பகல் முழுவதும் கைக்குழந்தைகள் இருக்கும் இடம் அதுதான்.

புதுச் சாயத்தில் இருக்கக்கூடிய காரீயத்துக்கு உலக நாடுகள் பல இப்போது ஏற்றுக்கொண்டிருக்கும் வரம்பு பத்து லட்சத்தில் 90 பங்கு. இந்தியா 2016இல் விதியாகக் கொண்டுவந்தது, பிலிப்பைன்ஸும் அதே அளவை வைத்திருக்கிறது. நம் நாட்டில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் கடைகளில் விற்கும் எண்ணெய்ச் சாயங்களைச் சோதனைக்கு அனுப்பி, கட்டுப்பாடு வேண்டும் என்று குரல் கொடுத்து வருகிறது. ஆனால் புதுச் சாயத்துக்கு வரும் எந்தக் கட்டுப்பாடும் பழைய சுவருக்கு உதவாது. பழைய சுவருக்கு வீட்டுக்காரர்தான் வர வேண்டும்.

சோதிப்பதா, இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வதா

இணையத்தில் விற்கும் குச்சிச் சோதனை மலிவு. தேய்த்தால் நிறம் மாறும். மேல் அடுக்கை மட்டும் தேய்த்தால் அடியில் இருப்பது தெரியாது, ஆகவே மரம் தெரியும்வரை சின்னதாகக் கீறி எல்லா அடுக்கும் படும்படி தேய்க்க வேண்டும். நிறம் மாறினால் நம்பலாம். மாறாவிட்டால் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அமெரிக்காவில் காரீயச் சாயம் என்று சொல்வதற்கான எல்லையே எடையில் 0.5 விழுக்காடு, அதாவது பத்து லட்சத்தில் 5,000. குச்சிகள் அந்தப் பெரிய அளவைக் கண்டுபிடிக்கத்தான் செய்யப்பட்டவை, 90ஐ அல்ல. உலோகச் சோதனை செய்யும் ஆய்வுக்கூடத்துக்குச் சாயத் துண்டை அனுப்பினால் சரியான எண் கிடைக்கும், அதற்குச் செலவு உண்டு.

என்னைக் கேட்டால், வீடு பழசு, ஜன்னல் மரம், சாயம் பளபளப்பு என்றால் சோதிக்காமலே காரீயம் இருக்கிறது என்று வைத்து வேலை செய்யலாம். சோதனைக் காசில் ஒரு ஜன்னலுக்கு வேலை நடந்துவிடும். ஆய்வுக்கூடம் அவசியமாகும் இடங்கள் இரண்டு உண்டு. வீட்டுக்காரர் நம்ப மறுக்கும்போதும், பிள்ளையின் இரத்தத்தில் காரீயம் கூடியிருப்பது தெரிந்து காரணம் தேடும்போதும் தாளில் ஒரு எண் வேண்டும்.

ஒன்றுமே செய்யாமல் துடைத்துக்கொண்டிருப்பது

சாயம் உரியாமல், வெடிக்காமல், எதோடும் உராயாமல் இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. கெட்டியாக ஒட்டியிருக்கும் சாயம் தூளாகாது. காசும் செலவில்லை. ஆனால் நம் காலநிலையில் இந்த நிலை நீடிப்பது கஷ்டம். கூரை ஒழுகினால் சாயம் கொப்பளிக்கும், மேற்கு வெயில் பட்டால் பொடியாகும். ஆகவே விட்டுவைக்கும் வீட்டுக்காரர் குறைந்தபட்சம் ஒழுகலை அடைக்க வேண்டும், மழைக்காலம் முடிந்ததும் வந்து ஒரு தடவை பார்க்க வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர் பங்கும் இங்கே உண்டு. உலர்ந்த துடைப்பத்தால் ஜன்னலடியைக் கூட்டினால் தூள் எழும்பும். ஈரத் துணியால் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைக்க வேண்டும், அலசும் வாளியும் சோப்பு வாளியும் தனித்தனியாக இருக்க வேண்டும். பிள்ளையின் தொட்டிலையும் பாயையும் ஜன்னலடியிலிருந்து தள்ளிப் போடலாம். சாப்பிடுவதற்கு முன் கை கழுவுவதைப் பழக்கலாம். இதெல்லாம் நல்லது, ஆனால் இதை மட்டும் சொல்லி வீட்டுக்காரர் கை கழுவினால் அது நியாயமில்லை. ஜன்னல் தினமும் தூள் கொட்டும்வரை துணி தோற்றுக்கொண்டேதான் இருக்கும்.

மேலே புதுச் சாயம் அடிப்பது

மலிவான வழி, எல்லாரும் கையில் எடுப்பதும் இதைத்தான். சுவருக்கும் மேற்கூரைக்கும் இது போதும், சரியாகச் செய்தால் பல வருடம் தாங்கும். சரியாக என்றால், தளர்ந்த இடத்தை மட்டும் தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டுவது, தரையில் பிளாஸ்டிக் விரித்து ஓரத்தை டேப் போட்டு ஒட்டுவது, விளிம்பை ஈர மணல்தாளால் தேய்ப்பது, கழிவைப் பிளாஸ்டிக்கோடு சுருட்டி இரட்டைப் பையில் கட்டுவது, பிறகு அடிச்சாயம், அப்புறம் மேல்சாயம். காரீயத்தை அடைத்துவைக்கவென்றே தடிமனான பூச்சுகள் தனியாக விற்கின்றன. சாதாரணச் சாயத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது, அது உரிந்தால் பழையதையும் சேர்த்துக்கொண்டு உரியும்.

ஜன்னலுக்கும் கதவுக்கும் இந்த வழி தோல்விதான். மர ஜன்னல் ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் நிலையோடு உராய்கிறது, அந்த உராய்வில் புதுச் சாயம் முதலில் போகும், பிறகு பழைய அடுக்கு மாவாக அரைபட்டு அடிக்கட்டையில் சேரும். பிள்ளை எட்டிப் பார்க்கக் கை வைப்பதும் அதே அடிக்கட்டையில்தான். ஜன்னலுக்குச் சாயம் அடித்துக் கொடுத்துவிட்டேனே என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் ஆறு மாதத்தில் அந்த வேலை வீணாகிவிடும்.

மாற்றுவது, மூடுவது

ஜன்னலைப் பலகையோடு கழற்றிவிட்டு அலுமினிய நகரும் ஜன்னலோ கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய நாக்கோ ஜன்னலோ வைப்பது. காசு அதிகம், ஆனால் ஒரே தடவை. உராயும் இடமே இல்லாமல் போகிறது. எல்லா ஜன்னலையும் ஒரே வருடத்தில் மாற்ற முடியாதவர், பிள்ளை படுக்கும் அறையில் ஆரம்பித்து வருடத்துக்கு இரண்டு என்று போகலாம். கதவு என்றால், கழற்றி நிலையில் இடிக்காதபடி விளிம்பை ஈரமாகச் சீவிவிட்டு மாட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். உரிந்த சுவருக்கு மேல் சிமெண்ட் பலகை அடித்து மூடுவதும் நல்ல வழி. பிளைவுட் வேண்டாம், கரையான் வந்தால் இரண்டு வருடத்தில் திரும்ப அதே இடத்தில் நிற்போம்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. கழற்றிய பழைய ஜன்னல் பலகைகளை என்ன செய்கிறோம்? கோயில் திருவிழாச் சமையலுக்கு விறகாகப் போகும், இல்லையென்றால் கொல்லைப்புறத்தில் எரியும், போகி அன்று தீயில் விழும். காரீயச் சாயம் பூசிய மரத்தை எரித்தால் புகையிலும் சாம்பலிலும் காரீயம் இருக்கும். அந்தச் சாம்பலைச் செடிக்குப் போட்டால் மண்ணுக்கும், அங்கே மேயும் கோழிக்கும் போகும். வீட்டுக்காரர் வேலைக்கு ஆள் பேசும்போதே பழைய மரத்தை லாரியில் ஏற்றிக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோகும் கூலியையும் சேர்த்துப் பேச வேண்டும். அக்கம்பக்கத்தார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

முழுதாகச் சுரண்டி எடுப்பது

கேட்கும்போது இதுதான் சுத்தமான வழி போலத் தோன்றும். என் கணக்கில் இருப்பதிலேயே ஆபத்தானது இது. கிரைண்டரில் தேய்த்தால் ஒரு மணி நேரத்தில் வீடு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத தூள் படியும். தீ காட்டிச் சாயத்தை உருக்கினால் காரீயம் ஆவியாகும். அமெரிக்காவில் பழைய வீட்டு வேலைக்கு 2010லிருந்து சான்றிதழ் பெற்ற ஆள் வேண்டும். தீ காட்டுவது, தூளை உறிஞ்சி வடிகட்டும் கருவி இல்லாமல் இயந்திரம் போட்டுத் தேய்ப்பது, 1,100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகும் வெப்பத் துப்பாக்கி, எல்லாவற்றுக்கும் அங்கே தடை. வாடகை வீட்டில் தானே வேலை செய்யும் வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். நம் ஊரில் தீபாவளி வாரத்தில் நடப்பது பெரும்பாலும் அந்தத் தடைப் பட்டியலில் இருப்பதுதான். சாயம் அடிக்கும் தொழிலாளியைக் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவர் நுரையீரலும் அதே தூளில்தான் இருக்கிறது. சட்டையில் ஒட்டிய தூள் அவர் பிள்ளைக்கும் போகிறது.

முழுதாக எடுக்க வேண்டிய பழைய தேக்குக் கதவு மாதிரி ஏதாவது இருந்தால் கழற்றி வெளியே, வீட்டிலிருந்து தள்ளிய இடத்தில் ஈரமாகச் செய்யுங்கள். வீட்டுக்குள் வேண்டாம்.

வீடு மாறுவது

வயிற்றில் குழந்தை இருக்கிறது, அல்லது பிள்ளையின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ வந்திருக்கிறது என்றால், வேலை முடியும்வரையாவது வேறு இடத்தில் இருப்பதுதான் சரி. 2021இல் உலக சுகாதார நிறுவனம் அந்த அளவில் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று வழிகாட்டியது. அரசு கிளினிக்கில் டாக்டரிடம் வீட்டு நிலைமையைச் சொல்லி, இரத்தத்தில் காரீயச் சோதனைக்கு மருத்துவமனைக்கு எழுதித்தரக் கேளுங்கள். குங்குமம், கண்மை, பழைய பாத்திரம், வீட்டருகில் பேட்டரி உடைக்கும் இடம் இவற்றையும் டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள், காரணம் எப்போதும் சாயம் மட்டுமே இருக்காது.

ஆனால் வீட்டுக்காரர் பார்வையில் வாடகைக்காரர் மாறிப் போவது தீர்வே இல்லை. அடுத்த குடும்பத்துக்கும் பிள்ளை இருக்கும். பிள்ளை இல்லாதவர்களுக்கு மட்டும் விடுவேன் என்று முடிவு செய்பவர்கள், அவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் பேரப்பிள்ளைகளை மறந்துவிடுகிறார்கள்.

எந்த வீட்டுக்கு எது

கடைவீட்டு மாடி என்றால் நான் முதலில் மர ஜன்னல்களை மாற்றச் சொல்வேன், சுவருக்கு ஈரமாகச் சுரண்டிச் சாயம் போதும். பழைய தாமான் மலிவு வீட்டில் சுவர் பெரும்பாலும் தண்ணீர்ச் சாயம். அங்கே கிரில், கேட், கதவு நிலை மூன்றையும் பாருங்கள். கிரில்லில் துருவோடு உரிந்தால் ஈரமாகச் சுரண்டி அடிச்சாயமும் மேல்சாயமும் போதும், கிரில் எதோடும் உராய்வதில்லை. தோட்டத்துக் குவார்ட்டர்ஸில் வராந்தாக் கம்பியை மாற்றுவதும், ஒழுகும் தகரத்தைச் சரிசெய்வதும் முதல் வேலை. கூரை விளிம்பு சொட்டும் மண்ணில் பழைய சாயத் துகள்கள் சேர்ந்திருக்கும், அங்கே சிமெண்ட் போடலாம் அல்லது புல் வளர்த்து மூடலாம்.

செலவைப் பகிர்வது பற்றி என் கருத்து: வீட்டுக்காரர் ஜன்னலுக்கும் ஆள்கூலிக்கும் கொடுக்கட்டும், பண்டிகைக்கு விருப்பமான நிறம் வேண்டுமென்றால் மேல்சாயத்தை மட்டும் வாடகைக்கு இருப்பவர் வாங்கட்டும். கைக்காசு போட்டுச் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒருவரே முடிவெடுக்கக் கூடாது. எழுத்தில் சம்மதம் இல்லாமல் வாடகையைக் குறைத்தால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். சம்மதம் எழுத்தில் இருந்தும் பணம் வரவில்லையென்றால், 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம்.

கேட்பதற்குத் தயக்கமாக இருப்பவர்கள் இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பலாம். படத்தோடு அனுப்பினால் அதுவே பின்னால் சாட்சியும் ஆகும்:

"வணக்கம் ஆன்ட்டி. மாடி ஜன்னல் ரெண்டுலயும் சாயம் உரிஞ்சு கொட்டுது, பாப்பா அங்கதான் தவழுது. பழைய சாயத்துல காரீயம் இருக்கும்னு சொல்றாங்க. தீபாவளிக்கு முன்ன வந்து பார்த்தா நல்லா இருக்கும். ஆள் அனுப்புறதா இருந்தா மிஷின் போட்டுத் தேய்க்க வேணாம்னு சொல்லிடுங்க ஆன்ட்டி. வேலை நடக்குற ரெண்டு நாளும் நாங்க அம்மா வீட்டுக்குப் போயிடுறோம்."

புதிதாக ஒப்பந்தம் எழுதுபவர்கள் மூன்று விஷயத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். உரியும் சாயத்தைத் தெரியப்படுத்திய முப்பது நாளுக்குள் வீட்டுக்காரர் தன் செலவில் சரிசெய்வார். சுரண்டும் வேலை ஈரமாக, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் நடக்கும். எந்த ஜன்னல் எந்த மாதம் மாற்றப்பட்டது, எந்தச் சுவர் மூடப்பட்டது என்ற குறிப்பு ஒப்பந்தத்தோடு இணைக்கப்படும். முத்திரைக் கட்டணம் கட்டிய ஒப்பந்தத்தைத்தான் நீதிமன்றம் சாட்சியாக எடுத்துக்கொள்ளும், ஆகவே அதையும் தள்ளிப்போடாதீர்கள். வீட்டுக்காரர்கள் அந்தக் குறிப்பின் ஒரு நகலைத் தங்களிடமும் வைத்திருந்து, அடுத்து வரும் குடும்பத்திடம் சாவியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.